டீபக்கர் காட்டும் ரெஜிஸ்டர் மதிப்பு சரிதானா? தானியங்கிச் சோதனை அமைக்கும் முறை

டீபக்கர் என்பது ஓடும் நிரலை நிறுத்தி அதன் உள்நிலையைக் காட்டும் கருவி. ஜிடிபி அவற்றுள் ஒன்று. ஒரே பதிப்பு ஜிடிபி, ஒரே லினக்ஸ், ஒரே நிரல். நினைவகத்தைத் தொடும் அனுமதிகளை வைத்திருக்கும் பிகேஆர்யூ என்ற ரெஜிஸ்டரின் (செயலிக்குள் உள்ள சிறு சேமிப்பிடம்) மதிப்பு இன்டெல் கணினியில் சரியாக வருகிறது. ஏஎம்டி கணினியில் சம்பந்தமே இல்லாத எண் வருகிறது. 2023 வரை இப்படி நடக்க இடமிருந்தது. ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் ஏவிஎக்ஸ் போன்ற வசதிகளின் பெரிய ரெஜிஸ்டர்களையும் பிகேஆர்யூவையும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தனித்தனியாகத் தருவதில்லை. எக்ஸ்சேவ் என்ற ஒரே நினைவகப் பொதியாகக் கட்டித் தருகிறது. ஏவிஎக்ஸ்-512 உள்ள இன்டெல் செயலியில் அந்தப் பொதியின் 2688ஆம் பைட்டில் பிகேஆர்யூ இருக்கும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் அது 2432ஆம் பைட்டிலேயே வந்துவிடும். நினைவக எல்லைகளைச் சரிபார்க்கும் தன் எம்பிஎக்ஸ் வசதிக்கு இன்டெல் ஒதுக்கிய இடம் அங்கே கிடையாது. ஜிடிபியோ இன்டெல்லின் அமைப்பே எல்லாச் செயலிக்கும் பொது என்று வைத்துக்கொண்டிருந்தது. எது எங்கே இருக்கிறது என்று சிபியுஐடி கட்டளை மூலம் செயலியிடமே கேட்டறியும் மாற்றம் 2023இல்தான் சேர்ந்தது.

இன்டெல் கணினியில் மட்டும் ஓடும் சோதனைத் தொகுப்பு எத்தனை முறை ஓடினாலும் இந்தப் பிழை அதன் கண்ணில் பட்டிருக்காது. ரெஜிஸ்டரைப் படித்து அச்சிடுவதில் சோதிக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நிறைய இருக்கிறது. அதைவிட, அப்படிச் சோதிக்க எழுதும் சோதனைகளே பிழையை மூடி மறைத்துவிடும் வழிகளும் நிறைய இருக்கின்றன.

(கீழே ரெஜிஸ்டர் மதிப்புகளாக வரும் ஹெக்ஸ், அதாவது 16 அடிமான எண்களுக்கு முன்னொட்டு போடவில்லை. குழப்பம் வராமலிருக்க, 0 முதல் 9 வரையான இலக்கங்கள் மட்டும் வரும் எண்களையே எடுத்திருக்கிறோம்.)

ரெஜிஸ்டர் திரைக்கு வரும் வழி

ரெஜிஸ்டர் என்பது செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடம். 64 பிட் இன்டெல், ஏஎம்டி செயலிகளில் பொதுப் பயனுக்கு 16 ரெஜிஸ்டர்கள், ஒவ்வொன்றும் 64 பிட். டீபக்கர் ஒரு நிரலை நிறுத்தியதும் அதன் ரெஜிஸ்டர் மதிப்புகள் மூன்று கட்டங்களைத் தாண்டித் திரைக்கு வருகின்றன.

1. பெறுதல். லினக்ஸில் பிட்ரேஸ் என்ற கெர்னல் அழைப்பு மூலம் பைட்டுகளாக வாங்குகிறது. நிரல் வேறு கணினியில் ஓடினால் ரிமோட் நெறிமுறை வழியாக, ஒரு பைட்டுக்கு இரண்டு ஹெக்ஸ் எழுத்து என்ற கணக்கில் வரும்.
2. பொருள் கொள்ளுதல். எந்த பைட் எந்த ரெஜிஸ்டருடையது, அகலம் எவ்வளவு, எண்ணா, தசமப் பின்னமா, கொடிகளின் (ஆம், இல்லை என்று சொல்லும் பிட்களின்) தொகுப்பா என்று பிரிக்கிறது.
3. அச்சிடுதல். ஹெக்ஸ், பதின்ம எண், கொடிப் பெயர்கள், அடைப்புக்குறிகள், வரி முறிப்பு எல்லாம் இந்தக் கட்டத்தில் சேர்கின்றன.

சோதனை தோல்வி அடைந்தால் கோளாறு எந்தக் கட்டத்தில் என்று தெரிய வேண்டும். எல்எல்டிபி என்ற இன்னொரு டீபக்கரில் பைத்தான் வழியாக ஒரு ரெஜிஸ்டரின் எண் மதிப்பை நேரடியாகக் கேட்கலாம். ஜிடிபியிலும் தற்போதைய ஃபிரேமிடம் (நிரல் நின்ற செயற்கூறின் அழைப்பு நிலையிடம்) கேட்கலாம். அப்படிக் கேட்டால் முதலிரண்டு கட்டங்கள் மட்டும் சோதனைக்குள்ளாகும். அச்சிடும் கட்டத்தைப் பயனர் பார்க்கும் உரையை வைத்துத்தான் சோதிக்க முடியும். இரண்டு வகையும் தேவை, ஆனால் ஒரே சோதனைக்குள் இரண்டையும் கலக்காமலிருப்பது நல்லது.

ஒரே இடம், பல பெயர்கள்

பொது ரெஜிஸ்டர்களில் ஒன்றான ஆர்ஏஎக்ஸின் கீழ்ப்பாதி 32 பிட்டுக்கு ஈஏஎக்ஸ் என்று பெயர். அதன் கீழ் 16 பிட் ஏஎக்ஸ். அதன் கடைசி பைட் ஏஎல், அதற்கு முந்தைய பைட் ஏஎச். ஆர்ஏஎக்ஸில் 0102030405060708 இருந்தால் ஈஏஎக்ஸ் 05060708, ஏஎக்ஸ் 0708, ஏஎல் 08, ஏஎச் 07 என்று வர வேண்டும். இவற்றுள் ஏஎச் மட்டும் 8 பிட் தள்ளித் தொடங்குகிறது. அந்தத் தள்ளலை மறந்த டீபக்கர் ஏஎச்சுக்கும் 08 என்றே சொல்லும்.

ஒய்எம்எம்0 என்ற 256 பிட் ரெஜிஸ்டரின் கீழ்ப்பாதிதான் எக்ஸ்எம்எம்0. ஆனால் எக்ஸ்சேவ் பொதியில் இரண்டு பாதிகளும் அடுத்தடுத்து இல்லை. எக்ஸ்எம்எம் பகுதி 160ஆம் பைட்டில் தொடங்குகிறது. ஒய்எம்எம்களின் மேல்பாதிகள் 576இல் தொடங்குகின்றன. டீபக்கர்தான் இரண்டையும் ஒட்டவைக்கிறது, எனவே ஒட்டுமிடத்தில் பிழை வர வாய்ப்பு அதிகம்.

பொதியின் தலைப்பகுதியில் எந்தெந்தக் கூறு பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லும் பிட்கள் உண்டு. ஏவிஎக்ஸுக்கானது 2ஆம் பிட். அது 0 என்றால் ஒய்எம்எம் மேல்பாதிகள் ஆரம்ப நிலையில், அதாவது 0 மதிப்பில் இருப்பதாகப் பொருள். 576இல் என்ன கிடந்தாலும் அதைப் பொருட்படுத்தக் கூடாது. எழுதும்போது நேரெதிரான பொறி ஒன்று உண்டு. அந்த பிட் 0 ஆக இருக்கையில் பயனர் ஒய்எம்எம்மை மாற்றினால் டீபக்கர் பிட்டையும் 1 ஆக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் எழுதியது காணாமல் போகும். இதைச் சோதிக்கச் சாதாரண சி நிரல் உதவாது. நிரல் தொடங்குவதற்கு முன்பே லைப்ரரிகள் ஏவிஎக்ஸைத் தொட்டிருக்கக்கூடும். நிறுத்துமிடத்துக்குச் சற்று முன் மேல்பாதிகளை 0 ஆக்கும் விசீரோஅப்பர் கட்டளையை வைக்க வேண்டும்.

உண்மை மதிப்பு எங்கிருந்து வர வேண்டும்

அதிகம் காணப்படும் தவறு இது: டீபக்கரிலேயே ரெஜிஸ்டருக்கு ஒரு மதிப்பு எழுதி, அதே டீபக்கரிலேயே படித்து, இரண்டும் ஒன்றுதான் என்று தேர்ச்சி கொடுப்பது. டீபக்கர் தன்னிடம் வைத்திருக்கும் நகலில் எழுதிவிட்டு அந்த நகலையே திருப்பிக் காட்டினாலும் இந்தச் சோதனை தேறும். எழுதும்போதும் படிக்கும்போதும் ஒரே தவறான இடத்தைத் தொட்டாலும் தேறும். ஒரு பக்கமாவது செயலியின் கட்டளையே செய்ததாக இருக்க வேண்டும்.

படிக்கும் திசைக்கான அமைப்பு:

1. இலக்கு நிரலின் முக்கியப் பகுதியை அசெம்பிளியில் எழுதுங்கள். சி நிரலுக்குள் இன்லைன் அசெம்பிளியாக வைக்கலாம். ஆனால் நிரப்புவதற்கும் நிறுத்துவதற்கும் நடுவே கம்பைலர் தன் கட்டளை எதையும் நுழைக்காதபடி இரண்டும் ஒரே தொகுதியில் இருக்க வேண்டும்.
2. ஒவ்வொரு ரெஜிஸ்டரிலும் முன்பே தீர்மானித்த மாறிலியை ஏற்றுங்கள். ஆர்எஸ்பியைத் தொடாதீர்கள், அது ஸ்டாக்கைச் சுட்டுவது.
3. உடனே அடுத்த கட்டளையாக இன்ட்3 வையுங்கள். டீபக்கர் பிரேக்பாயின்ட் எதுவும் வைக்காமலே நிரல் நின்றுவிடும்.
4. டீபக்கரில் எல்லா ரெஜிஸ்டர்களையும் அச்சிடச் சொல்லி, வெளியீட்டை மாறிலிகளோடு ஒப்பிடுங்கள்.
5. நிரலைக் கொன்றுவிடுங்கள். ரெஜிஸ்டர்கள் குலைந்த நிரலை மேலே ஓடவிட்டால் அது விழும், அந்தச் சத்தம் பதிவில் கலக்கும்.

ஆர்ஐபிக்கு, அதாவது அடுத்த கட்டளையின் முகவரிக்கு, மாறிலி வைக்க முடியாது. இன்ட்3க்கு அடுத்த வரியில் ஒரு லேபிள் வைத்து, அந்த லேபிளின் முகவரியோடு ஒப்பிட வேண்டும். எண்ணாகவே முகவரியை எழுதி வைப்பது ஆபத்து. ஜிடிபியும் எல்எல்டிபியும் முகவரிச் சிதறலை இயல்பாகவே அணைத்து நிரலை ஓட்டும்தான். ஆனால் கன்டெய்னருக்குள் அந்த அனுமதி மறுக்கப்படலாம். அப்போது ஜிடிபி ஒரு எச்சரிக்கை வரியை மட்டும் போட்டுவிட்டு மேலே போகும், முகவரிகள் ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும்.

ஏஆர்ம் 64 பிட் செயலிக்கு இதை மாற்றி எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே நிறுத்தும் கட்டளை பிஆர்கே. நின்றபின் பிசி (ஆர்ஐபிக்கு அங்குள்ள பெயர்) அந்தக் கட்டளையிலேயே நிற்கும், அடுத்ததற்கு நகராது. தொடரச் சொன்னால் அதே இடத்தில் திரும்பத் திரும்ப நிற்கக்கூடும். தொடர வேண்டுமென்றால் சோதனையே பிசியை 4 பைட் நகர்த்த வேண்டும்.

எந்த எண்ணை நிரப்புவது

சோதனையின் தரம் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. எல்லாவற்றிலும் 0 வைத்தால், படிக்கவே தெரியாத டீபக்கரும் தேறும். எல்லா பைட்டும் 11 என்றால் பைட் வரிசை தலைகீழானாலும் தெரியாது. 1, 2, 3 என்று சிறு எண்களை வைத்தால் மேல்பாதி வெட்டுப்பட்டது வெளியே வராது.

ஒரே பைட் இரண்டு இடங்களில் வராதபடி நிரப்ப வேண்டும். ஆர்ஏஎக்ஸ் 0102030405060708, ஆர்பிஎக்ஸ் 1112131415161718, அடுத்தது 2122232425262728 என்று ஒவ்வொரு பைட்டின் முதல் இலக்கத்தையும் கூட்டிக்கொண்டே போனால் ஆர்எஸ்பி நீங்கலாக 15 ரெஜிஸ்டர்கள், 120 பைட்டுகள், எல்லாம் வெவ்வேறு. திரையில் தவறான பைட் ஒன்று வந்தால் அது எந்த ரெஜிஸ்டரின் எத்தனையாவது பைட் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லலாம். எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டர்கள் 16, ஒவ்வொன்றிலும் 16 பைட், மொத்தம் 256. ஒரு பைட்டில் இருக்கக்கூடிய மதிப்புகளும் 256தான். ஒரு மதிப்பும் மிஞ்சாமல், ஒன்றும் குறையாமல் பொருந்தும்.

இந்த வரிசையில் 8182838485868788 போன்ற, உச்ச பிட் 1 ஆக உள்ள எண்களும் தாமாகவே வந்துவிடும். அவை அவசியம். முகவரிகளாகக் காட்டும் ஆர்பிபி, ஆர்எஸ்பி நீங்கலாக, ஜிடிபி பொது ரெஜிஸ்டர்களைக் குறியுள்ள எண்களாகக் கருதி இரண்டாம் பத்தியில் பதின்ம மதிப்பைக் காட்டும். உச்ச பிட் 1 என்றால் அங்கே கழித்தல் குறி வர வேண்டும். ஏஎல் 88 என்றால் பதின்மத்தில் -120. இதைப் பிழை என்று புகார் செய்பவர்கள் உண்டு. பிழை இல்லை, ஆனால் சோதனையில் எழுதி வைக்க வேண்டிய நடத்தை.

தசமப் பின்னங்களுக்குத் தனிச் சோதனை வையுங்கள். மேற்சொன்ன பைட் வரிசையைப் பின்னமாக வாசித்தால் நீளமான, வட்டமிட்ட எண்கள் வரும், ஒப்பிடுவது தொல்லை. 0.125, 0.25, 0.375 போல இரும எண்முறையில் துல்லியமாக அடங்குபவற்றை எடுங்கள். 0.1 வேண்டாம். பழைய பின்னக் கணக்கு அலகான எக்ஸ்87இன் 80 பிட் ரெஜிஸ்டரில் குறிப்பிட்ட பிட் வடிவத்தை ஏற்ற 80 பிட் லோடு கட்டளையையே பயன்படுத்துங்கள். 64 பிட் லோடு, எண்ணல்லாததைக் குறிக்கும் என்ஏஎன் மதிப்பின் சமிக்ஞை தரும் வகையை அமைதியான வகையாக மாற்றிவிடும், ஏற்றியது ஒன்று இருப்பது ஒன்று என்றாகும்.

எழுதும் திசை

இன்ட்3இல் நின்றதும் டீபக்கர் ரெஜிஸ்டர்களில் மாறிலிகளை எழுதட்டும். தொடர்ந்ததும் நிரலின் முதல் வேலை, அந்த ரெஜிஸ்டர்களை மூவ் கட்டளைகளால் நினைவகத்துக்கு நகர்த்துவது. பிறகு நிரலே தன் வெளியீட்டில் அவற்றை அச்சிடட்டும். ஒப்பிட வேண்டியது அந்த வெளியீட்டைத்தான்.

ஈஏஎக்ஸில் எழுதினால் ஆர்ஏஎக்ஸின் மேல்பாதிக்கு என்ன ஆக வேண்டும்? செயலியில் ஓடும் கட்டளை ஈஏஎக்ஸில் எழுதினால் மேல் 32 பிட்டும் 0 ஆகிவிடும். டீபக்கர் கட்டளை எதையும் ஓட்டுவதில்லை. ஆர்ஏஎக்ஸின் முழு 8 பைட்டையும் கெர்னலிடம் கொடுக்கிறது. மேல்பாதியைக் காப்பதா அழிப்பதா என்பது டீபக்கர் எழுதியவரின் முடிவு. காப்பதே பயனருக்கு எதிர்பாராத அதிர்ச்சி தராது என்பது எங்கள் கருத்து. எதுவானாலும் சோதனையில் அந்த முடிவு ஒரு வரியாக இருக்க வேண்டும்.

ஒப்பிடும் இடத்தில் ஒளிந்திருக்கும் பிழைகள்

எல்எல்டிபியின் ஷெல் சோதனைகள் லிட் என்ற ஓட்டியிலும் ஃபைல்செக் என்ற ஒப்பீட்டுக் கருவியிலும் நடக்கின்றன. ஜிடிபியின் தொகுப்பு டெஜாக்னு, டிசிஎல், எக்ஸ்பெக்ட் மேல் கட்டப்பட்டது. இரண்டிலும் பொறிகள் வேறு வேறு.

ஃபைல்செக் வரியின் ஒரு பகுதி பொருந்தினாலே ஏற்றுக்கொள்ளும். ஏஎக்ஸுக்கு எழுதிய வடிவம் ஈஏஎக்ஸ், ஆர்ஏஎக்ஸ் வரிகளிலும் பொருந்தும், ஏனென்றால் அந்தப் பெயர்களின் வாலில் ஏஎக்ஸ் இருக்கிறது. மதிப்பின் பக்கமும் அப்படித்தான்: 0102 என்று எதிர்பார்த்தால் 01020304 என்ற வெளியீடும் தேறிவிடும். 16 பிட் ரெஜிஸ்டரை 32 பிட்டாகக் காட்டும் பிழை இப்படித்தான் தப்பிக்கிறது. பெயருக்கு முன்னால் வரித் தொடக்கத்தையும் மதிப்புக்குப் பின்னால் வரி முடிவையும் கட்டாயப்படுத்துங்கள்.

ஜிடிபி தொகுப்பின் வழக்கமான சோதனைச் செயற்கூறு, முடிவில் ப்ராம்ப்ட் (அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் குறி) வர வேண்டும் என்று தானே சேர்த்துக்கொள்கிறது. வால் பக்கம் பாதுகாப்பு, தலைப்பக்கம் இல்லை.

கொடி ரெஜிஸ்டர் தனிக் கதை. ஈஃபிளாக்ஸில் 246 இருந்தால் ஜிடிபி, எண்ணுக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் பிஎஃப், இசட்எஃப், ஐஎஃப் என்று காட்டும். 200 ஐஎஃப், 40 இசட்எஃப், 4 பிஎஃப். மிச்சமுள்ள 2 எப்போதும் 1 ஆக இருக்கும் ஒதுக்கிய பிட், அதற்குப் பெயர் காட்டுவதில்லை. இந்தச் சதுர அடைப்பை அப்படியே ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (உரையைப் பொருத்தும் வடிவத்தில்) எழுதினால், அடைப்புக்குள் உள்ள எழுத்துகளில் ஏதாவது ஒன்று என்று பொருளாகிவிடும். கொடிகள் முற்றிலும் மாறினாலும் ஒரே ஒரு எழுத்து பொருந்தினால் போதும், தேர்ச்சி. டிசிஎல்லின் இரட்டை மேற்கோளுக்குள் சதுர அடைப்பு துணைக் கட்டளையாகவும், டாலர் குறி மாறியாகவும் எடுத்துக்கொள்ளப்படும். எனவே இரண்டுக்கும் பின்சாய்வு போட்டுக் காப்பாற்ற வேண்டும்.

திரை அகலமும் வெளியீட்டை மாற்றும். ஜிடிபி நீண்ட பட்டியலை நடுவில் நிறுத்தி, தொடர என்டர் கேட்கும். தானியங்கி ஓட்டத்தில் அது காலாவதி ஆகும்வரை தொங்கும். உயரம், அகலம் இரண்டையும் 0 ஆக வையுங்கள், வண்ணத்தை அணையுங்கள், பயனரின் தொடக்கக் கோப்புகளைப் படிக்காதபடி தடுங்கள். எல்எல்டிபியில் ரெஜிஸ்டரின் புலங்களை அட்டவணையாகக் காட்டும் கட்டளை திரை அகலத்துக்கு ஏற்ப அட்டவணையைப் பிரிக்கும். அகலத்தைச் சோதனையே நிர்ணயிக்க வேண்டும்.

சில சோதனைகள் பத்தில் ஒருமுறை மட்டும் விழும். பெரும்பாலும் காரணம், வெளியீடு துண்டு துண்டாக வருவதும் எக்ஸ்பெக்ட் பாதித் துண்டிலேயே பொருத்திவிடுவதும். ஜிடிபி தொகுப்பில் இதை வெளிக்கொணர செக்-ரீட்1 என்ற மேக் இலக்கு இருக்கிறது. அது ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பைட் மட்டும் படிக்க வைக்கும். நிலையற்ற ஒப்பீடுகள் அங்கே உறுதியாக விழும்.

எடிட்டர்களுக்கான ஜிடிபியின் எம்ஐ இடைமுகத்தில், ரெஜிஸ்டர் பெயர்ப் பட்டியலில் வெற்றுப் பெயர்களும் வரும். எண்ணும் பெயரும் விலகாமலிருக்கவே அவை இருக்கின்றன. சோதனை நிரல் அவற்றை வடிகட்டி எறிந்தால் அதற்குப் பின் எல்லா ரெஜிஸ்டரும் ஒரு இடம் தள்ளிப்போகும்.

எக்ஸ்87 டேக்

எக்ஸ்87இல் 8 ரெஜிஸ்டர்கள் ஸ்டாக்காக இயங்குகின்றன. உச்சி எது என்பது நிலைச் சொல்லின் 11 முதல் 13 வரையான பிட்களில் இருக்கும். ஒவ்வொரு ரெஜிஸ்டருக்கும் டேக் உண்டு: முழு வடிவில் 2 பிட், சாதாரண எண் 00, பூச்சியம் 01, சிறப்பு மதிப்பு 10, காலி 11. ஆனால் எக்ஸ்சேவ் பொதியில் சுருக்க வடிவம்தான் கிடைக்கும்: ரெஜிஸ்டருக்கு 1 பிட், காலியா இல்லையா என்று மட்டும். முழு வடிவத்தைக் காட்ட டீபக்கர் ரெஜிஸ்டர்களின் உள்ளடக்கத்தைப் பார்த்து மீண்டும் கணக்கிட வேண்டும். சுருக்க டேக் உண்மையான ரெஜிஸ்டர் எண் வரிசையிலும் உள்ளடக்கம் ஸ்டாக் வரிசையிலும் இருப்பதால், உச்சியைக் கூட்டாமல் விட்டால் வேறு ரெஜிஸ்டரைப் பார்த்து முடிவு செய்துவிடும்.

இதைப் பிடிக்கும் சோதனை சிறியது. ரெஜிஸ்டர்களை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்து ஒரு சாதாரண எண், பிறகு பூச்சியம், பிறகு முடிவிலி என்று மூன்றை ஏற்றுங்கள். உச்சி 5 ஆகும். டேக், 7ஆம் ரெஜிஸ்டரில் தொடங்கிக் கீழ்நோக்கி 00 01 10, பிறகு ஐந்து முறை 11. மூன்றும் ஒரே வகை எண்ணாக இருந்தால் வரிசைப் பிழை தெரியாது.

எம்எம்எக்ஸ் வசதியின் எம்எம் ரெஜிஸ்டர்களும் இதே இடத்தில்தான் வாழ்கின்றன, ஆனால் உச்சியைப் பொருட்படுத்தாமல். உச்சி 5 ஆக இருக்கும்போது ஸ்டாக் உச்சியான எஸ்டி0இன் கீழ் 64 பிட்டும் எம்எம்5உம் ஒன்றாக இருக்க வேண்டும். அதே ஓட்டத்தில் இதையும் சேர்த்துச் சோதித்துவிடலாம்.

வன்பொருள் கையில் இல்லாதபோது

பல எண்களை ஒன்றாகக் கணக்கிடும் ஏஆர்மின் எஸ்விஇ வசதியின் ரெஜிஸ்டர்களின் அகலம் 128 முதல் 2048 பிட் வரை இருக்கலாம், ஓடும் நிரலே அதை மாற்றவும் முடியும். ஒரே கணினியில் எல்லா அகலமும் கிடைக்காது. வேறு செயலியைப் போல மென்பொருளிலேயே நடந்துகொள்ளும் க்யூஎமு போன்ற எமுலேட்டர் இங்கே கைகொடுக்கும். அகலம் மாறியபின் நின்றால் டீபக்கர் பழைய அகலத்தையே காட்டுகிறதா என்பதை மறக்காமல் சோதியுங்கள்.

பொருள் கொள்ளுதலையும் அச்சிடுதலையும் மட்டும் சோதிக்க இரண்டு மலிவான வழிகள் உண்டு. ஒன்று, தெரிந்த மதிப்புகளோடு எடுத்து வைத்த கோர் கோப்பு, அதாவது நிரலின் நினைவகமும் ரெஜிஸ்டர்களும் பதிந்த நகல். எந்தக் கணினியிலும் ஒரே விடை தரும். இன்னொன்று போலி ரிமோட் சர்வர். எல்எல்டிபி தொகுப்பில் பைத்தானில் எழுதிய அப்படி ஒரு சர்வர் இருக்கிறது. ரெஜிஸ்டர் பைட்டுகளைக் கேட்டால் நாம் சொன்ன எழுத்துச் சரத்தைத் திருப்பித் தரும். கிடைக்காத ரெஜிஸ்டருக்கு ரிமோட் நெறிமுறையில் ஹெக்ஸ் இலக்கத்துக்குப் பதிலாக எக்ஸ் என்ற எழுத்தை அனுப்ப வேண்டும். அதை டீபக்கர் 0 என்று காட்டாமல், இல்லை என்று காட்டுகிறதா என்பதை உண்மைக் கணினியில் சோதிப்பது கடினம், இங்கே இரண்டு வரி வேலை. கெர்னலிடமிருந்து பெறும் கட்டத்தை இவை தொடவே இல்லை என்பது நினைவிருக்கட்டும்.

ஏவிஎக்ஸ்-512 இல்லாத கணினியில் அதற்கான சோதனை விழக் கூடாது. ஆதரவில்லை என்று குறித்துவிட்டு விலக வேண்டும். இரண்டு தொகுப்புகளிலும் அதற்கான நிலை தனியாக இருக்கிறது. சிக்கல், அந்த நிலை அறிக்கையில் சிவப்பாக வராது. சோதனை ஓடும் கணினிகள் எல்லாம் பழையவையாக இருந்தால் ஒரு சோதனை எழுதிய நாள் முதல் ஒருமுறைகூட ஓடாமல் இருக்கும். ஆகவே ஒவ்வொரு சோதனையும் குறைந்தது ஒரு கணினியிலாவது ஓடித் தேறியதா என்று எல்லாக் கணினிகளின் பதிவுகளையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு ஸ்கிரிப்ட் வேண்டும். எங்குமே ஓடாத சோதனை இருந்தால் அந்த ஸ்கிரிப்ட் தோல்வி காட்டட்டும். பட்டியலில் இன்டெல், ஏஎம்டி இரண்டும் தனித்தனிக் கணினிகளாக இடம்பெற வேண்டும். இரண்டையும் ஒரே கட்டமைப்பு என்று ஒரே வரியில் எழுதிவிடக் கூடாது.